மார்புப் பட்டை

கீழேயிருந்து மெகாஃபோனில் கத்துவார் சேஃப்டி ஆபீசர்:
"நாற்பத்தேழு! மார்புப் பட்டையை இறுக்கு!"
இறுக்குவதுபோல் இறுக்கி,
அவர் அடுத்த சாரத்துக்குத் திரும்பியதும்
இரண்டு விரற்கடை தளர்த்திக்கொள்வேன்.
ஐந்து வருடம்.
விழுந்திருந்தால் பட்டைக்குள்ளிருந்து
நழுவிப் போயிருப்பேன், தெரியும்.
ஆனால் அந்த நாடா அழுத்தும் இடத்தில்
காம்புக்குப் பின்னால் ஒரு கட்டி,
எலுமிச்சை அளவு, இரண்டு பக்கமும்.
உரசினால் சொத்தைப்பல் மாதிரித் தெறிக்கும்.

சோஹாரில் ஜூன் பிறந்தால்
பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை வேலை நிறுத்தம்.
கொட்டகையில் எல்லோரும் சட்டையைக் கழற்றிப் பிழிவார்கள்.
நான் இரண்டு பனியன், மேலே கவரால்.
"உனக்கு மட்டும் குளிரா, பாய்?" என்பான் இக்ராமுல்.
கேலி செய்யத் தெரியாதவன்.
அதனால்தான் பதில் வராது.
கேலிக்கென்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே
கைவசம் பதில் வைத்திருக்கிறேன்.

டாக்டர் நாதியா எகிப்துக்காரர்.
திரையை இழுத்துவிட்டு,
மொழிபெயர்க்க நர்ஸ் ஷைனியை நிறுத்திக்கொண்டு கேட்டார்:
குடிப்பழக்கம்? மஞ்சள் காமாலை வந்ததுண்டா?
ரத்தக்கொதிப்பு மாத்திரை? ஜிம்மில் ஊசி?
விரையில் கட்டி ஏதாவது?
(இதற்கு ஷைனி ஒரு மலையாளச் சொல் சொன்னாள்,
பிறகு இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம்.)
முடி கொட்டாமலிருக்க ஏதாவது?

அங்கே மாட்டினேன்.
கல்யாண போட்டோவில் இருக்கும் தலையோடு
ஊரில் போய் இறங்கவேண்டும் என்று
ரூவியில் வாங்கி
மூன்று வருடம் விழுங்கிய சின்ன மாத்திரை.
"பாதி அதனால்," என்றார்.
"பாதி, பதின்மூன்று வயதில் வந்து
போக மறந்தது."
ஆண் உடம்பிலும் பெண் சுரப்பு கொஞ்சம் ஓடுமாம்.
தராசு சாய்ந்தால் இந்தச் சதை விழித்துக்கொள்ளுமாம்.
மாத்திரையை நிறுத்து, ஆறு மாதம் பார்ப்போம்.

ஆறு மாதத்தில் முடி போயிற்று.
கட்டி இருந்தது.

'அழகு சிகிச்சை' என்று முத்திரை குத்தி
இன்சூரன்ஸ்காரர்கள் திருப்பிவிட்டார்கள்.
எழுநூற்றைம்பது ரியால்.
மாடிப் பூச்சுக்கு வைத்திருந்தது.

காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழோரம்
பிறை மாதிரி ஒரு வெட்டு.
அதன் வழியே கொழுப்பைக் குழாய் உறிஞ்சியது,
சுரப்பியைக் கத்தி எடுத்தது.
கேட்டதால் காட்டினார்கள்:
குப்பிக்குள் இரண்டு துண்டு,
சுத்தம் செய்த கணவாய் மாதிரி, வெள்ளையாக.
இதற்கா இருபது வருடம் கடலில் இறங்காமலிருந்தேன்?
பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கெட்டது இல்லை என்று வந்தது.
இரண்டு நாள் விலாவில் ரப்பர்க் குமிழ் தொங்கியது,
ஆறு வாரம் இறுக்குச் சட்டை.
பட்டையே தேவலை என்று ஆகிவிட்டது.

வீட்டுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தேன்.
"எந்தப் பக்கம் தையல்?" என்றாள் ஜெபசெல்வி.
"இடது."
அவள் நாசரேத்தில் மருந்துக்கடையில் பில் போடுகிறவள்.
கொஞ்ச நேரம் அங்கே ஃபேன் ஓடுவது மட்டும் கேட்டது.
"குடல்வாலு வலப்பக்கம்லா இருக்கும்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"படுக்கும்போது லைட்ட அணைக்கச் சொல்லுவியளே,
அதுவா?"
"ம்."
"பூச்சு பொறவு பூசிக்கிடலாம்," என்றாள்.
"தலைய இப்படித் திருப்புங்க. எங்க முடிய?"

ஏழாவது வாரம், மறுபடி சாரம்.
ஆபீசர் அண்ணாந்து பார்த்தார்,
மெகாஃபோனை உயர்த்தாமல் நடந்துவிட்டார்.
பட்டையைக் கடைசித் துளை வரை இழுத்து மாட்டினேன்.
வலி இல்லை.
தொடு உணர்ச்சியும் இல்லை,
திரும்ப ஒரு வருடம்கூட ஆகலாம் என்று சொல்லியிருக்கிறார்.
பட்டை நெஞ்சில் பட்டிருக்கிறதா என்று
குனிந்து, கண்ணால் பார்த்துத்தான்
தெரிந்துகொள்கிறேன்.